வரவுப் பாட்டு இல்லாத சுமைகாரன்

எமில் பெர்த்தோ பாதிரியாரின் ஆபிரிக்கப் பயணங்களை வலன்ரைன் அண்ணை அறிந்துகொண்டது ஒரு குசினிச் சாளரத்தின் வழியாக.

பாரிஸின் தெற்கு ஓரத்தில், வயதான குருமார் தங்கும் இல்லம் ஒன்றில் அவர் இருபத்தாறு வருடமாகச் சமையல் வேலை செய்கிறார். ஒரு காலத்தில் ஆபிரிக்காவுக்குக் குருமாரை அனுப்பிக்கொண்டே இருந்த சபையின் வீடு அது. இப்போது அனுப்ப ஆளில்லை. போய்த் திரும்பியவர்கள் பதினெட்டுப் பேர், ஊன்றுகோலோடும் மாத்திரைப் பெட்டியோடும் இருக்கிறார்கள். அங்கே ஒரு வழக்கம். மதியச் சாப்பாட்டின் முதல் பத்து நிமிடம் யாரும் கதைக்கக் கூடாது. ஒருவர் எழுந்து நின்று சபையின் பழைய புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிப்பார். மற்றவர்கள் கேட்டபடி சூப் குடிப்பார்கள். தட்டு நீட்டுகிற சாளரம் திறந்தே இருக்கும். அதற்கு இந்தப் பக்கம் நின்றுதான் வலன்ரைன் அண்ணை பிரெஞ்சு படித்தார். எமில் பாதிரியாரோடு உள்நாட்டுக்குள் நடந்ததும் அங்கே நின்றுதான். "கரட் சீவிச் சீவி ஆறு கடந்தனான்" என்பார்.

எமில் பாதிரியார் 1893இல் மேற்குக் கரையில் கப்பலிறங்கியவர். அறுபத்திரண்டு சுமைகாரரோடு ஓர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனார். முதற் பயணத்தில் காய்ச்சல் அவரைத் திருப்பி அனுப்பியது. இரண்டாவதில் படகு கவிழ்ந்து, வரைந்த படங்களெல்லாம் தண்ணீரோடு போயின. மூன்றாவது முறை பதினொரு மாதம் நடந்து, ஐரோப்பியரின் வரைபடத்தில் அதுவரை இல்லாத ஒரு பெரிய ஏரியின் கரையில் பீடம் வைத்துப் பூசை செய்தார். இரண்டு வருடம் கழித்து அங்கேயே இறந்தார். சாப்பாட்டறைச் சுவரில் அவருடைய படம் தொங்குகிறது. தாடியும், நடந்து நடந்து தேய்ந்த சப்பாத்தும்.

இந்தக் கதையை நாட்டுக்கூத்தாக எழுதி, ஜனவரியில் செபஸ்தியார் திருநாளுக்கு மேடையேற்றுவது என்று போன வருடம் வலன்ரைன் அண்ணை முடிவெடுத்தார். திருநாளுக்குக் கூத்துப் போடுவது எங்கள் கத்தோலிக்கருக்குப் புதிதல்ல. பாட்டு எழுதி, ஆட்களைப் பழக்கி, மேடையின் ஓரத்தில் தாளத்தோடு நின்று எல்லாவற்றையும் நடத்துகிறவரை அண்ணாவியார் என்போம். பாரிஸில் எங்கள் ஈழத்துச் சனம் கூடுகிற லா சப்பலில் பத்து வருடமாக வலன்ரைன் அண்ணைதான் அண்ணாவியார். ஆனால் அதுவரை போட்டதெல்லாம் அர்ச்சியசிட்டர் கதைகள், புனிதர்களின் வரலாறுகள். அரசனும் மந்திரியும் வாளும் உள்ளவை. ஆபிரிக்கா இதுதான் முதல் தடவை.

முதல் எழுத்துப்படியை என்னிடம் காட்டினார். நான் ஒரு சட்டத்தரணியிடம் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவன். இரண்டு மொழியும் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் இப்படியானவை என் மேசைக்கு வந்துவிடும். எமில் பாதிரியார் முடியோடும் தோளில் புயக்கட்டையோடும் அரசனைப்போல வந்தார். காட்டில் புலி உறுமியது. ஆபிரிக்காவில் புலி இல்லை என்று பயந்து பயந்து சொன்னேன். கோபிக்கவில்லை. உடனே வெட்டிச் சிங்கம் என்று எழுதினார். பாட்டின் எதுகை கெட்டதால், அன்றிரவு முழுப் பாட்டையும் திருப்பி எழுதினார் என்று அவருடைய மனைவி பேர்ளி அக்கா பிறகு சொன்னா.

கூத்துப் பழக்கம், அதாவது ஒத்திகை, ஞாயிறு பூசைக்குப் பிறகு, ரூ லூயி-பிளாங் தெருவில் செபஸ்டியனின் பயண முகவர் கடைக்குக் கீழேயுள்ள நிலவறையில். விமானச் சீட்டு விற்கிற செபஸ்டியன்தான் எமில் பாதிரியார். உடுப்புச் செலவு அவருடையது. ஆகவே பெரிய பாத்திரமும் அவருடையது. அதில் யாருக்கும் மறுப்பு இல்லை. குரல்தான் கொஞ்சம் தட்டையானது.

குரல் உள்ளவன் சுகந்தன். முல்லைத்தீவிலிருந்து வந்து நாலு வருடம். ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் ஓர் உணவகத்தில் வெங்காயம் வெட்டுகிறான். அகதி விண்ணப்பம் ஒரு தடவை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் நிற்கிறது. முதல் நாள் வந்து ஒரு விருத்தம் எடுத்தான். மேலே கடையில் சீட்டு வாங்க நின்றவர்கள் படியில் இறங்கி வந்து பார்த்தார்கள். அவனுக்குச் சுமைகாரன் பாத்திரம் என்று வலன்ரைன் அண்ணை சொன்னார். சின்னப் பாத்திரம்தான், ஆனால் ஒரு வரவுப் பாட்டு உண்டு என்றார். சுகந்தனுக்கு அது போதுமாயிருந்தது.

அந்தச் சுமைகாரன் எமில் பாதிரியார் எழுதிய பயணப் புத்தகத்தில் இரண்டே வரி. "ஏரிக்கு நாலு நாள் இருக்கையில், நோயுற்ற ஒரு சுமைகாரனை மரநிழலில் விட்டுவிட்டு நடந்தோம். பீடப் பெட்டியை வேறொருவன் எடுத்துக்கொண்டான்." அடுத்த வரியில் மழை வருகிறது. வருடத்துக்கு ஒரு தடவை சாப்பாட்டறையில் அந்தப் பக்கம் வாசிக்கப்படும். கரண்டிச் சத்தம் ஒரு கணமும் நிற்பதில்லை என்று வலன்ரைன் அண்ணை சொன்னார். அந்த இரண்டு வரிக்கு அவர் கூத்தில் முழுதாக ஒரு காட்சி வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டால் தான் கூத்தே போடப்போவதில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

சிக்கல் அங்கேதான் வந்தது. கூத்தில் மேடைக்கு வருகிற எவரும், அரசனானாலும் கள்ளனானாலும், முதலில் நாலு வரி பாடித் தன் பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். அதுதான் வரவுப் பாட்டு. அதைப் பாடாமல் கதைக்குள் வர முடியாது. சுமைகாரனுக்கோ புத்தகத்தில் பெயர் இல்லை.

ஒக்டோபர் மாதம் அது. ஒரு பெயரை வைத்துவிட்டால் முடிந்தது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். வலன்ரைன் அண்ணை, தேடிப் பார்க்கிறேன், எங்கேயாவது எழுதியிருப்பார்கள் என்றார்.

அந்த இல்லத்தின் மூன்றாம் மாடியில் சபையின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. இருபத்தாறு வருடத்தில் அவர் அங்கே ஏறியதில்லை. குசினி ஆளுக்கு அங்கே என்ன வேலை. காப்பகப் பொறுப்பாளர் அம்மா முதலில் மரியாதையாக மறுத்தா. ஆராய்ச்சியாளர்கள் கடிதம் எழுதி நாள் கேட்டு வருவார்கள் என்றா. அன்றிரவே கடிதம் எழுதித் தரும்படி வலன்ரைன் அண்ணை என்னிடம் வந்தார். "ஆராய்ச்சியாளர்" என்ற இடத்தில் என்ன போடுவது என்று நான் தயங்கினேன். "அண்ணாவியார்" என்று அப்படியே போடச் சொன்னார். ஒரு கிழமையில் பதில் வந்தது: செவ்வாய்க்கிழமை, இரண்டு மணி.

செவ்வாய் அவருடைய லீவு நாள். வீடு இருக்கிற சார்செலில் இருந்து ஆர்.இ.ஆர் ரயில் பிடித்து வந்து, தான் தினமும் வேலை செய்கிற வீட்டுக்குள் முன்வாசலால் போனார். பழைய கையெழுத்தை வாசிக்க நானும் கூடப் போனேன். ஒவ்வொரு செவ்வாயும் என் முதலாளியிடம் வெவ்வேறு சாட்டுச் சொல்ல வேண்டியிருந்தது, அது எனக்குச் சரியாக வராது. பேர்ளி அக்காவுக்கு இது பகிடி. "இஞ்சேருங்கோ, கீழ்வீட்டுக் குசினியிலையிருந்து மேல்வீட்டுக்குப் போறதுக்கோ கோட்டும் சூட்டும்?" என்றா. கோட்டைக் கழற்றாமலே சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்.

ஏழு செவ்வாய் போனோம். எமில் பாதிரியாரின் நாட்குறிப்புகள் மூன்று. எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. நான் ஒரு வரி வாசித்துச் சொல்ல, அவர் தன் கொப்பியில் தமிழில் எழுதுவார். மழை அளவு, தூரம், வாங்கிய மாவு. பாதிரியாரோடு கூடப் போன நாயின் பெயர் மெடோர். கழுதைக்கும் பெயர் உண்டு. நாயின் பெயர் வந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்தி, தாண்டிப் போய்விடலாமா என்று பார்த்தேன். அவர் கண்டுவிட்டார்.

"வாசியும்" என்றார். வாசித்தேன். கொப்பியில் நாயின் பெயரையும் எழுதிக்கொண்டார்.

ஐந்தாவது செவ்வாயில் பொறுப்பாளர் அம்மா தானாகவே ஒரு பெட்டியைக் கொண்டுவந்தா. மூன்றாம் பயணம் புறப்பட்ட நாளில் எழுதிய சுமைகாரர் பட்டியல். அறுபத்திரண்டு இலக்கங்கள். தலைவர்கள் பன்னிரண்டு பேருக்கு மட்டும் பெயர். மற்றவர்களுக்கு இலக்கமும் சுமையும்: துணி, உப்பு, வெடிமருந்து. நாற்பத்தோராவது இலக்கத்துக்கு நேரே "பீடப் பெட்டி" என்று இருந்தது. அவ்வளவுதான். அடுத்த இரண்டு செவ்வாயும் மிச்ச எல்லாவற்றையும் பார்த்தோம். கடிதங்கள், ஞானஸ்நானப் பதிவு, ஏரிக்கரைக் கல்லறைக் குறிப்பு. அவன் எங்கும் இல்லை. பொறுப்பாளர் அம்மா எங்களோடு வாசல்வரை வந்து, தனக்கு வருத்தமாக இருக்கிறது என்றா. ஏழாவது கிழமை அவவே வலன்ரைன் அண்ணையின் கோட்டை எடுத்துக் கொடுத்தா.

திருநாளுக்கு ஐந்து கிழமை இருந்தது.

அந்த ஞாயிறு நிலவறையில் விசயத்தைச் சொன்னார். செபஸ்டியனுக்கு நிம்மதி. தேடியாயிற்று, கிடைக்கவில்லை, இனி யோசேப்பு என்று வைக்கலாம் என்றார். வலன்ரைன் அண்ணை இல்லையென்றார். சூசை? இல்லை. அப்படியென்றால் நாற்பத்தியொன்று என்றே பாடட்டும் என்றார் செபஸ்டியன், மத்தளக்காரர் சிரித்துவிட்டார். சுகந்தன் சிரிக்கவில்லை. இந்தக் கூத்துக்கு நான் வந்ததே அந்த நாலு வரிக்காக, இரண்டு மாதமாக இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று சொல்லி ஏமாற்றுகிறீர்கள், உணவகத்தில் ஞாயிறு வேலையை விட்டுவிட்டு வருகிறவன் நான் என்று பொரிந்து தள்ளினான்.

அப்போதுதான் செபஸ்டியன் அதைச் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதல்ல.

"ஏனண்ணை, நாங்கள் எல்லாரும் பாஸ்போட்டிலை வேறை பேரோடைதானே வந்தனாங்கள். அதாலை இப்ப என்ன குறைஞ்சு போச்சு?"

வலன்ரைன் அண்ணை தாளத்தைக் கீழே வைத்தார். பிறகு கதிரையொன்றை இழுத்துப்போட்டு இருந்து, தொண்ணூற்றாறில் தான் வந்த வழியைச் சொன்னார். இத்தனை வருடப் பழக்கத்தில் நாங்கள் யாரும் கேட்டறியாதது.

களவாக ஆள் அனுப்புகிற முகவன் ஒருவன் அவர்கள் நாலு பேரை மேற்கு ஆபிரிக்காவில், லோமேயில் இறக்கி, அங்கிருந்து லொறியில் வடக்கே பமாக்கோவுக்கு அனுப்பினான். எல்லோரிடமும் மலேசியப் பாஸ்போட். அதிலுள்ள பெயரால் மட்டுமே ஒருவரையொருவர் கூப்பிட வேண்டும். நித்திரையில் தட்டினாலும் அந்தப் பெயருக்குத்தான் எழும்ப வேண்டும் என்பது கட்டளை. வலன்ரைன் அண்ணை கோவிந்தன். பக்கத்தில் இருந்தவன் ராமசாமி. இருபத்தைந்து வயதிருக்கும், கதைக்கிற விதத்தில் வன்னி ஆள் என்று தெரிந்தது, மற்றபடி ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் ராமசாமிக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் நிற்க முடியவில்லை. சோதனைச் சாவடியில் இவனைக் கண்டால் எல்லோரையும் இறக்குவார்கள் என்று சாரதி சொன்னான். ஒரு கிராமத்தின் கிணற்றடியில் இறக்கி வைத்தார்கள். இறக்கும்போது கால் பக்கம் பிடித்தவர் வலன்ரைன் அண்ணை. கிராமத்துச் சனம் பார்த்துக்கொள்ளும் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். லொறி போய்விட்டது. பாரிசுக்கு வந்து அவனுடைய வீட்டுக்கு அறிவிக்க நினைத்தார். உண்மைப் பெயர் தெரியாமல் யாருக்கு அறிவிப்பது? பிழைத்தானா என்று தெரியாது. வருடாவருடம் சகல ஆத்துமாக்கள் திருநாளில் இறந்தவர்களின் பெயர் எழுதிக் கொடுக்கிற துண்டில் அவனுக்கென்று எழுத ஒன்றுமில்லை.

இதையெல்லாம் குரல் ஏறாமல், சமையற் குறிப்புச் சொல்வதுபோலச் சொன்னார். கடைசியில் செபஸ்டியனைப் பார்த்தார்.

"பொய்ப்பேரோடை ஒருத்தனை ஒருக்கா இறக்கி விட்டிட்டு வந்தனான், செபஸ்டியன். ரெண்டாந்தரம் ஏலாது."

மேலே கடைத் தொலைபேசி அடித்து ஓய்ந்தது. செபஸ்டியன் எடுக்கப் போகவில்லை.

சுகந்தன்தான் முதலில் வாய் திறந்தான். "அப்ப நான் என்ன செய்யிறது, அண்ணாவியார்?"

"வா. மேடையைச் சுத்து. நடுவிலை வந்து நில்."

"பாட்டு?"

"இல்லை. நான் தாளம் போடுவன். நாலு வரிக்கும் போடுவன். நீ நிக்கிறாய்."

"நாலு வரி நேரம் சும்மா நிண்டாச் சனம் கூவும்."

"கூவட்டும்."

சுகந்தன் மூலையில் கிடந்த பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தான். வெறும் காட்போட் பெட்டி என்பதால் கழுத்தில் பாரம் தெரியவில்லை, தெரிந்தால்தான் நடை வரும் என்றான். செபஸ்டியன் மேலே போய், அச்சுக் கடதாசிக் கட்டுகள் நாலைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்தார்.

அதன் பிறகு ஐந்து ஞாயிறும் நான் அமைதியாக நித்திரை கொள்ளவில்லை என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். மேடைக்குப் பக்கத்தில் கொப்பியோடு நின்று, மறந்தவர்களுக்கு வரி எடுத்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் சனத்துக்குக் கூத்துத் தெரியும். வரவுத் தாளம் விழுந்தும் பாட்டு வரவில்லையென்றால் ஆள் மறந்துவிட்டான் என்றுதான் எடுப்பார்கள். முன்கூட்டி ஒரு சின்ன அறிவித்தல் செய்வோமா என்று இரண்டு தரம் கேட்டேன். இரண்டு தரமும் வேண்டாம் என்றார்.

திருநாளன்று மண்டபத்தில் நானூறு பேர் இருந்தார்கள். செபஸ்டியன் அரச முடியில்லாமல், தாடியோடும் பழைய சப்பாத்தோடும் வந்து பாடி, எமில் பாதிரியார் என்று தன்னைச் சொன்னார். கைதட்டினார்கள். ஆறு வந்தது, படகு கவிழ்ந்தது, சிங்கம் வந்து சிறுவர்களைச் சிரிக்க வைத்தது. பிறகு வரவுத் தாளம் விழுந்தது. சுகந்தன் பெட்டியோடு வந்தான். மூன்று தரம் சுற்றினான். நடுவில் வந்து நின்றான்.

முதல் வரிக்குரிய தாளம் போனது. சபையில் சின்னச் சலசலப்பு. "பொடியன் வரியை விட்டிட்டான்" என்று யாரோ சொல்வது கேட்டது. முன்வரிசையில் இருந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு வேறொரு கூத்தின் வரவு வரியை எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொப்பியை மூடி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். இரண்டாவது வரிக்குச் சிரிப்பு வந்தது. சுகந்தனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் மூடியபடி நின்றான். வலன்ரைன் அண்ணை தாளத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மூன்றாவது வரியில் சிரிப்பு நின்றது. நாலாவது வரி முழுக்க மண்டபத்தில் தாளமும் ஒரு குழந்தையின் இருமலும்தான்.

பிறகு செபஸ்டியன் வந்து, மரநிழலில் இரு, நாங்கள் போகிறோம் என்ற பாட்டைத் தன் தட்டையான குரலில் பாடினார். பெட்டியை இன்னொருவன் எடுத்தான். ஊர்வலம் சுகந்தனைச் சுற்றிக்கொண்டு வெளியேறியது. அவன் திரை விழும்வரை அந்த இடத்திலேயே இருந்தான்.

கூத்து முடிந்து தேநீர் கொடுக்கும் இடத்தில் பலவிதமாகக் கதைத்தார்கள். வரி மறந்த இடத்தைச் சமாளித்த விதம் நல்லது என்று ஒருவர் பாராட்டினார். ஒரு பாதிரியாரை இப்படிக் காட்டியிருக்க வேண்டுமா என்று ஓர் அம்மா கேட்டா. அவர் எழுதியதைத்தான் காட்டினோம், மறைக்காமல் எழுதியதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று வலன்ரைன் அண்ணை பதில் சொன்னார். நடுத்தர வயதுக்காரர் மூன்று பேர் தனித்தனியே வந்து அவருடைய கையைப் பிடித்தார்கள். தாடியைக் கழற்றாமலே வந்த செபஸ்டியன், அந்த நிற்கிற இடத்தை இன்னும் ஒரு வரிக்கு நீட்டலாம் என்று அபிப்பிராயம் சொன்னார்.

இரண்டு கிழமையில் சார்செலில் இருந்து அழைப்புக் கடிதம் வந்தது. உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு அங்கேயும் போட வேண்டும். ஒரேயொரு வேண்டுகோள்: அவ்வளவு நல்ல குரலுள்ள பிள்ளைக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள், சனம் குழம்பிவிட்டது. வலன்ரைன் அண்ணை அந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தில் சத்தமாக வாசித்துவிட்டு, சுகந்தனிடம் கொடுத்தார். பாட்டு அவனுடையது, முடிவும் அவனுடையது என்றார்.

சுகந்தன் கடிதத்தை இரண்டாக மடித்தான். "பாட்டு வேண்டாம் எண்டு எழுதிவிடுங்கோ. பாடிறதெண்டா நான் குசினியிலையும் பாடுவன்" என்றான். பிறகு, "இதை நிக்கிறதுக்கு வேறை ஆரையும் போட்டிடாதையுங்கோ" என்றான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கூத்துக் கொப்பியைப் படியெடுக்க நானும் வலன்ரைன் அண்ணையும் சேன்-தெனித் தெருவிலுள்ள கடைக்குப் போனோம். கொப்பியை ஒழுங்காகக் கையால் திருப்பி எழுதியிருந்தார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பெயர், கீழே வரவுப் பாட்டு நாலு வரி. சுமைகாரன் என்ற தலைப்புக்குக் கீழே நாலு கோடு இழுத்து வெறுமையாக விட்டிருந்தார். இருபது படி அடித்த பிறகு கடைக்காரத் தம்பி ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"அண்ணை, இந்த இடம் விழேல்லை. மை குறைஞ்சிட்டுது போலை. திருப்பி அடிக்கவோ?"

"இல்லைத் தம்பி, அது சரி" என்றார் வலன்ரைன் அண்ணை. "அப்பிடியே அடியுங்கோ. இன்னும் இருபது வேணும்."